யாரும் ஆடாத ஆட்டத்தின் சாம்பியன்

என் பழைய போனில் ஒரு குறிப்பு இருக்கிறது. தேதி 2019 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் ஓ2 அரங்கில் ஃபிஃபா இ-உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் தொடங்குவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், எங்கள் அறையின் வாட்ஸாப் குழுவுக்காக நான் எழுதிய முன்னோட்டம் அது. புல்லில் ஆடும் கால்பந்து இல்லை, கன்சோலில் கட்டைவிரலால் ஆடும் கால்பந்து. ஒரு பக்கம் மொசாத் அல்டொசாரி: சவுதி அரேபியா, 19 வயது, நடப்பு சாம்பியன். இன்னொரு பக்கம் முகமது ஹர்கூஸ்: ஜெர்மனி, 22 வயது, ஆட்டக்களத்தில் 'மோஅவுபா' என்று பெயர். ஜெயிப்பவருக்கு 2,50,000 டாலர்.

குறிப்பின் கடைசி வரி இப்படி முடிகிறது: "டொசாரிதான். சந்தேகமே வேணாம்."

ஹர்கூஸ் ஜெயித்தார். எக்ஸ்பாக்ஸில் 1-1, பிளேஸ்டேஷனில் 2-1, மொத்தம் 3-2.

கணிப்பு பொய்த்துப்போவது ஒரு விஷயமே இல்லை. கால்பந்து பார்க்கிற எல்லோருக்கும் நடப்பதுதான். போன மாதம் அந்தக் குறிப்பை மறுபடி படித்தபோது என்னை உறுத்தியது முடிவு அல்ல, நான் சொல்லியிருந்த காரணம். "போன வருஷம் இதே அரங்கு, இதே கோப்பை, ஃபைனல்ல 4-0. வேற என்ன ஆதாரம் வேணும்?" என்று எழுதியிருந்தேன். 2018 இறுதியில் டொசாரி பெல்ஜியத்தின் ஸ்டெஃபானோ பின்னாவை இரண்டு ஆட்டத்திலும் 2-0 என்று வென்றது உண்மைதான். அரங்கும் அதேதான், கோப்பையும் அதேதான்.

ஆட்டம் மட்டும் அதே ஆட்டம் இல்லை. அது அன்றைக்கு எனக்குத் தோன்றவேயில்லை.

*

நிஜக் கால்பந்துக்கு முன்னோட்டம் எழுத ஒரு வழி இருக்கிறது. யாருக்குக் காயம், எந்த விங்கர் எந்த பேக்கைக் கடந்துபோவான், மழை வருமா என்றெல்லாம் எழுதலாம். இங்கே அது செல்லாது. 2017-லிருந்து இந்த உலகக் கோப்பையை 'அல்டிமேட் டீம்' முறையில் ஆடினார்கள். அதாவது ஆடுபவரே வீரர்களின் அட்டைகளைச் சேர்த்துத் தன் அணியைக் கட்டுவார். எல்லோருக்கும் எது நல்ல அட்டை என்று தெரியும். அதனால் அந்தப் பருவத்தில் பெரிய ஆட்டக்காரர் யாருடைய அணியைத் திறந்தாலும் அநேகமாக ரூட் குல்லிட் நின்றுகொண்டிருப்பார். குல்லிட்டுக்கு எதிரே குல்லிட் நின்றால், குல்லிட்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

எழுத மூன்று விஷயங்கள் இருந்தன. மூன்றையும் நான் குறிப்பில் தொட்டிருக்கிறேன், மூன்றிலும் தவறான இடத்தில்.

முதலாவது, கருவி. இறுதி ஆட்டம் இரண்டு சுற்று, ஒன்று எக்ஸ்பாக்ஸில், ஒன்று பிளேஸ்டேஷனில். டொசாரி எக்ஸ்பாக்ஸில் வளர்ந்தவர், ஹர்கூஸ் பிளேஸ்டேஷன்காரர். திரையில் தெரியும் ஆட்டம் ஒன்றுதான், கை பிடிக்கும் பொருள் வேறு. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் இடது குச்சி மேலே இருக்கும். பிளேஸ்டேஷனில் இரண்டு குச்சியும் கீழே அக்கம்பக்கமாக இருக்கும். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் பழகிய கட்டைவிரலுக்கு அந்த இரண்டு சென்டிமீட்டர் பெரிய தூரம். வெளியூர் மைதானத்தில் ஆடுவதுபோல என்று இதைச் சொல்வார்கள். எனக்கென்னவோ அடுத்தவன் ஷூவைப் போட்டுக்கொண்டு ஆடுவதுபோல என்றுதான் படுகிறது.

இரண்டாவது, திட்டம். ஃபிஃபா 19-ல்தான் 'டைனமிக் டாக்டிக்ஸ்' வந்தது. ஆட்டம் தொடங்கும் முன்பே ஐந்து திட்டங்களை எழுதி வைத்துவிடலாம். படுதற்காப்பில் ஆரம்பித்து படுதாக்குதல் வரை ஐந்து படிகள். ஆட்டத்தை நிறுத்தாமலே ஒரு பொத்தானில் திட்டம் மாறும். அணி எவ்வளவு அகலமாக நிற்கணும், எவ்வளவு ஆழத்தில் நிற்கணும் என்பதைப் பத்துக் கட்டங்களில் வைக்கலாம். அதிலே ஒரு வழி 'டிராப் பேக்'. பந்து எதிராளியிடம் போனதும் மொத்த அணியும் பின்வாங்கித் தன் பெட்டிக்கு முன்னால் வேலி கட்டி நிற்கும்.

மூன்றாவது, ஷாட். அதுவும் அந்த வருஷப் புதுசு. ஷாட் பொத்தானை ஒருமுறை அழுத்தி, கால் பந்தைத் தொடும் சரியான கணத்தில் இரண்டாம் முறை அழுத்தினால் பந்து குறி தவறாது. கணம் பிசகினால் பந்து கேலரிக்குப் போகும். ஃபிஃபா 18-ல் இதெல்லாம் இல்லை.

ஆக, டொசாரி 4-0 ஜெயித்தது ஐந்து திட்டங்கள் இல்லாத, இரண்டாம் அழுத்தல் இல்லாத ஓர் ஆட்டத்தில். அதை ஆதாரமாகக் காட்டி நான் இன்னோர் ஆட்டத்தின் முடிவைக் கணித்துக்கொண்டிருந்தேன். ரம்மியில் ஜெயித்தவன் ஆடுபுலியாட்டத்திலும் ஜெயிப்பான் என்று பந்தயம் கட்டுவதுபோல.

*

எங்கள் அறையைப் பற்றிச் சொல்லணும். சென்னையில் நாலு பேர், ஒரு ஹால், காசு போட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு பிஎஸ்4. மூன்று பேர் சின்ன வயசிலிருந்தே கேம் ஆடுகிறவர்கள். நாலாவது ஆள் தூத்துக்குடிக்காரன், நைட் ஷிஃப்ட் வேலை, எங்கள் அறைக்கு வந்தபிறகுதான் கன்ட்ரோலரையே கையில் பிடித்தான். முதல் மாதம் எல்லாரிடமும் 6-0, 7-0 என்று வாங்கினான். பிறகு எங்கேயோ வீடியோ பார்த்து டிராப் பேக்கைக் கண்டுபிடித்தான். ஆழத்தை ஒன்றில் வைத்தான். அவ்வளவுதான். எங்களால் அவன் பெட்டிக்குள் நுழையவே முடியவில்லை. 0-0, 1-0, மறுபடி 0-0.

"இது ஆட்டமே இல்லடா, கம்ப்யூட்டர்தான் உனக்காக டிஃபென்ஸ் ஆடுது" என்று கத்தினோம். ஒருநாள் ஓட்டெடுத்தோம். அறையில் டிராப் பேக் தடை. மூன்றுக்கு ஒன்று.

"ஆட்டத்துக்குள்ள இருக்கிற பட்டனைத்தானே அமுக்கறேன்?" என்று அவன் கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் அவன் ஆடுவதை விட்டுவிட்டான், நாங்கள் ஆடும்போது பின்னாலிருந்து பார்ப்பதோடு சரி. ஆகஸ்ட் 4 இரவில் நாங்கள் மூன்று பேரும் டொசாரி பக்கம். பந்தயத்துக்கு எதிராளி வேண்டுமே என்று அவன் ஹர்கூஸை எடுத்துக்கொண்டு நூற்றைம்பது ரூபாய் சம்பாதித்தான்.

*

நியூகாஸில் யுனைடெட் அணியில் பில் மெக்ராக்கன் என்றொரு பின்வரிசைக்காரர் இருந்தார். முதல் உலகப் போருக்கு முன்னும் பின்னும் ஆடியவர். அந்தக் காலத்து ஆஃப்சைடு விதிப்படி, முன்னால் நிற்கும் வீரனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். மெக்ராக்கன் சரியான நேரத்தில் ஓர் அடி முன்னால் வைப்பார். வந்தவன் ஆஃப்சைடு. மறுபடி வருவான், மறுபடி ஓர் அடி. கூட்டம் அவரைக் கூவிக் கூவித் திட்டியது. மற்ற அணிகளும் இதைக் கற்றுக்கொண்டன. கோல்கள் வற்றின.

1925-ல் விதியை மாற்றினார்கள். அதற்கு முன் இரண்டு யோசனைகளைச் சோதனை ஆட்டங்களில் ஆடிப் பார்த்தார்கள். கடைசியில் மூன்று பேர் என்பது இரண்டு பேர் ஆனது. ஒரே ஓர் எண் மாறியது. முந்தைய பருவத்தில் இங்கிலாந்தின் ஃபுட்பால் லீகில் 4,700 கோல்கள், அடுத்த பருவத்தில் 6,373.

1925 அக்டோபர் 3 அன்று அதே நியூகாஸில் ஆர்சனலை 7-0 என்று நொறுக்கியது. ஆர்சனலின் சார்லி பக்கன் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மனிடம் போய், நடுக்களத்தில் நிற்கும் சென்டர் ஹாஃபைப் பின்வரிசைக்கு இழுத்துவிடலாம் என்றார். இரண்டு நாள் கழித்து வெஸ்ட் ஹாமை ஆர்சனல் 4-0 வென்றது. அதிலிருந்துதான் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளை ஆண்ட 'டபிள்யூ-எம்' அமைப்பு வளர்ந்தது.

1990 இத்தாலி உலகக் கோப்பையிலும் அதே கதை. 52 ஆட்டங்களில் 115 கோல்தான், ஆட்டத்துக்குச் சராசரி 2.21. முன்னிலை பெற்றவர்கள் பந்தைக் கோல்கீப்பருக்குத் தட்டிவிடுவதும், அவர் கையில் எடுத்து வைத்துக்கொள்வதுமாக நேரம் போனது. 1992-ல் காலால் தட்டிக் கொடுத்த பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று விதி வந்தது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நிஜக் கால்பந்துக்கும் 'பேட்ச்' உண்டு. பேட்ச் என்றால் ஒட்டு, கிழிந்த டவுசருக்குப் போடுவது. யாரோ ஒருவர் விதியில் ஒரு கிழிசலைக் கண்டுபிடிக்கிறார். கூட்டம் அவரைத் திட்டுகிறது. பிறகு விதி தைக்கப்படுகிறது. தைத்த இடத்தில் இன்னொருவர் புது வழி கண்டுபிடிக்கிறார். கால்பந்துத் தந்திரத்தின் வரலாற்றில் பெரும்பகுதி இவ்வளவுதான்.

*

வீடியோ கேம் கால்பந்து இந்த வரலாற்றை வேக ஓட்டத்தில் திரும்ப ஆடிக்காட்டுகிறது. 1993 கடைசியில் வந்த முதல் ஃபிஃபா ஆட்டத்திலேயே ஒரு கிழிசல் இருந்தது. எதிரணிக் கோல்கீப்பர் பந்தை வெளியே அடிக்கும்போது அவருக்கு நேர் முன்னால் உன் ஆளைக் கொண்டுபோய் நிறுத்து. பந்து அவன்மேல் பட்டு கோலுக்குள் போய்விடும். இந்த விளையாட்டின் முதல் தந்திரம் ஒரு பிழை.

2011-ல் வந்த ஃபிஃபா 12 தற்காப்பையே தலைகீழாக்கியது. அதுவரை ஒரு பொத்தானை அமுக்கிப் பிடித்தால் உன் ஆள் தானே ஓடிப்போய்ப் பந்தைப் பிடுங்குவான். புது முறையில் அந்தப் பொத்தான் அவனை எதிராளியிடமிருந்து சற்றே தள்ளி நிற்கத்தான் வைக்கும், கால் நீட்டும் கணத்தை நீதான் தேர்ந்தெடுக்கணும். எத்தனை பேர் சண்டை போட்டார்கள்! அது இந்த ஆட்டத்தின் 1925. ஃபிஃபா 14 வந்தபோது தலையால் முட்டினாலே கோல் என்றிருந்தது. சில வாரங்களில் பேட்ச் வந்து ஹெடரின் பலத்தைக் குறைத்தது. 2018 செப்டம்பரில் ஃபிஃபா 19 வந்தபோது இரண்டாம் அழுத்தல் சரியாக விழுந்த 'ஃபினஸ்' ஷாட், அதாவது வளைத்து அடிக்கும் ஷாட், பெட்டிக்கு வெளியிலிருந்தே வலைக்குள் போனது. அதையும் அந்த வருஷமே பேட்ச் போட்டுக் குறைத்தார்கள். டிராப் பேக் பற்றி வருஷம் முழுக்கப் புலம்பல். அடுத்த ஃபிஃபா 20-ல் கம்ப்யூட்டர் தானாக ஆடும் தற்காப்பு பலவீனமானது, கையால் ஆடும் தற்காப்புக்கு மதிப்பு கூடியது.

கால்பந்து நூறு வருஷத்தில் பார்த்ததை இது இருபத்தைந்து வருஷத்தில் பார்த்துவிட்டது. ஆனால் இரண்டு வித்தியாசங்கள் உண்டு, இரண்டும் சின்னது இல்லை.

ஒன்று, யார் மாற்றுகிறார்கள் என்பது. கால்பந்து விதியை மாற்ற ஒரு வாரியம் இருக்கிறது. நான்கு பிரிட்டிஷ் சங்கங்களுக்கு ஆளுக்கு ஓர் ஓட்டு, ஃபிஃபாவுக்கு நான்கு. எட்டில் ஆறு வேண்டும். அதில் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனாலும் யார் கேட்டார்கள், ஏன் கேட்டார்கள், எப்போது மாறியது என்பது ஊருக்குத் தெரியும். கன்சோலில் விதி என்பது நிரலுக்குள் இருக்கும் எண்கள். அவை ஒரு நிறுவனத்தின் சொத்து. பேட்ச் குறிப்பில் 'ஃபினஸ் ஷாட்டின் பலன் குறைக்கப்பட்டது' என்று ஒரு வரி இருக்கும். எத்தனையிலிருந்து எத்தனை ஆனது என்று இருக்காது. ஆடி ஆடித்தான் கண்டுபிடிக்கணும். 2016-ல் இந்தக் கோப்பையின் முதல் பரிசு 20,000 டாலர், 2017-ல் 2,00,000. பத்து மடங்கு பணம் ஏறிய பிறகும் தராசு கடைக்காரர் கையில்தான் இருந்தது.

இன்னொன்று, மாற்றம் தீர்ந்துபோவதே இல்லை. ஒவ்வொரு செப்டம்பரிலும் பழைய ஆட்டம் மொத்தமாகப் போய்விடும், புதுசு வரும். இரண்டு முறை இந்தக் கோப்பையை வென்றவர்கள் 2004 முதல் ஹர்கூஸ் வரை இரண்டே பேர். ஸ்பெயினின் அல்ஃபோன்சோ ராமோஸ் 2008-லும் 2012-லும், பிரான்ஸின் புரூஸ் கிரானெக் 2009-லும் 2013-லும் வென்றார்கள். இரண்டு பேருக்கும் இடையில் நாலு வருஷம், நாலு வேறு ஆட்டம். விரல் கற்றதெல்லாம் ஒவ்வொரு வருஷமும் பாதிக்குப் பாதி காலாவதி ஆகும்போது திரும்பி வந்தார்கள் என்றால், விரலில் இல்லாத ஏதோ ஒன்று அவர்களிடம் இருந்திருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு வருஷம், இரண்டு வேறு ஆட்டங்களில், இறுதிவரை வந்த டொசாரியிடமும் அது இருந்தது. அதை எழுதியிருந்தால் என் முன்னோட்டம், கணிப்பு தப்பியிருந்தாலும், உருப்படியாக இருந்திருக்கும். நான் 4-0 என்ற ஸ்கோரை எழுதிவிட்டேன்.

*

ஹர்கூஸ் கோப்பையைத் தூக்கி 54 நாள் ஆனபோது, 2019 செப்டம்பர் 27 அன்று ஃபிஃபா 20 கடைகளுக்கு வந்தது. அவர் எந்த ஆட்டத்தில் உலக சாம்பியனோ அந்த ஆட்டத்தில் அதற்குமேல் பெரிய போட்டி எதுவும் கிடையாது. இது எல்லா சாம்பியன்களுக்கும் நடப்பதுதான், அடுத்த ஆகஸ்டில் வேறொருவர் வருவார். ஆனால் 2020-ல் கொரோனா வந்தது. அந்த வருஷ உலகக் கோப்பை ரத்து. 2021-லும் ரத்து. 2022 கோடையில் கோபன்ஹேகனில், ஃபிஃபா 22-ல், இன்னொரு ஜெர்மானியர் உமுத் குல்டெகின் வென்றார். அதுவரை மூன்று வருஷம் முகமது ஹர்கூஸ்தான் உலக சாம்பியன், எந்தப் போட்டியிலும் யாரும் ஆடாத ஓர் ஆட்டத்தின் சாம்பியன்.

அதே 2022 மே மாதம் ஃபிஃபாவும் இஏ ஸ்போர்ட்ஸும் பிரிவதாக அறிவித்தார்கள். முப்பது வருஷத்து உறவு. 2023-ல் ஆட்டத்தின் பெயரே மாறிவிட்டது.

சதுரங்கத்தை நினைத்துப் பாருங்கள். 1858-ல் பாரிஸ் ஓபராவில் பால் மார்ஃபி ஆடிய ஆட்டத்தை இன்று யாரும் பலகையில் அடுக்கலாம். பதினேழு நகர்வுகள்தான். பன்னிரண்டாவது நகர்வில் நிறுத்தி, 'இங்கே நான் வேறு காய் நகர்த்தினால்?' என்று ஆடிப்பார்க்கலாம். மார்ஃபியின் குதிரையும் உங்கள் குதிரையும் ஒன்றே. 2019 இறுதியை வீடியோவில் பார்க்கலாம், ஆடிப்பார்க்க முடியாது. அந்தக் குல்லிட், அந்த ஷாட்டின் எண்கள், அந்த அல்டிமேட் டீம் எல்லாம் சர்வரில் வாழ்ந்தவை. சர்வர் மூடும் நாளில் பலகை, காய், கட்டம் எல்லாமே போய்விடும். மிஞ்சுவது ஸ்கோரும், அன்றைக்கு யாராவது என்ன நினைத்தார்கள் என்று எழுதி வைத்த வரிகளும்தான். என் மட்டமான குறிப்பையும் நான் இன்னும் அழிக்காமல் வைத்திருப்பது இதனால்தான்.

*

அறை கலைந்தபோது பிஎஸ்4-ஐத் தூத்துக்குடிக்காரன் எடுத்துக்கொண்டு போனான். போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அவன் வீட்டில் தங்கினேன். டிவிக்குக் கீழே கன்சோல் இருந்தது, அவன் அண்ணன் பையன் எல்லாவற்றையும் அழித்து புதுசுபோல ஆக்கியிருந்தான். நெட் இணைப்பு கொடுக்கவில்லை. பழைய ஃபிஃபா 19 டிஸ்க் இருந்தது, போட்டோம்.

"டிராப் பேக் போடலாமா?" என்று கேட்டான். சிரிக்காமல்தான் கேட்டான்.

"போடுடா."

பழையபடியே வேலி. பத்து பேர் பெட்டிக்கு முன்னால். நுழைய இடமில்லாமல் நான் வெளியிலிருந்தே வளைத்து அடித்தேன், இரண்டாம் அழுத்தலோடு. கோல். இன்னொன்று அடித்தேன். அதுவும் கோல். அவன் என்னைப் பார்த்தான். "இது அப்போ இப்படிப் போகாதே?"

எனக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. டிஸ்க்கில் இருப்பது கடைக்கு வந்த நாளின் ஆட்டம். பேட்ச் எதுவும் அதில் கிடையாது. அவை நெட்டில் வந்தவை, அவன் அண்ணன் பையன் அழித்தபோது அவையும் போய்விட்டன. அவன் வேலியைத் தாண்ட ஒரு வழி முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. நடுவில் ஒரு பேட்ச் அதை எடுத்துவிட்டது. என் கையிலிருந்த ஆயுதத்தை யாரோ வாங்கிக்கொண்டு போனதைக்கூடக் கவனிக்காமல், வேலி கட்டினவன்மேல் பாய்ந்திருக்கிறோம். ஓட்டெடுத்து, மூன்றுக்கு ஒன்று என்று.

இதை அவனிடம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"சரி விடு" என்றான். "செகண்ட் ஹாஃப் இருக்குல்ல."

ஆட்டத்தை நிறுத்தி, மெனுவுக்குள் போய், தன் வேலியை இரண்டு கட்டம் முன்னால் நகர்த்தினான்.